ஆகாசத்தாரின் இரண்டு கணக்கு

நிலத்தில் நடக்கும் எதையும் கவனிக்காமல் ஒருவர் அறுபது வயதுவரை சீவிக்கலாம் என்பதற்குத் தொண்டைமானாறு என்ற ஊரில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஆகாசத்தாரே சாட்சி. துணிக்கொடியில் காய்ந்த அவருடைய சாரத்தை மாடு தின்றபோதும் பக்கத்தில் நின்று மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பலில் ரேடியோ ஆபிசராக இருந்து ஓய்ந்தவர். கப்பல் நிற்கும் இடத்தை, வானில் சுற்றும் செய்மதி மூலம் காட்டும் பெட்டியொன்று அங்கே இருந்ததாம். அதுதான் மனிசனைக் கெடுத்தது.

“கப்பல் கரையிலை கட்டிக் கிடக்குது. பெட்டி சொல்லுது, சந்தைக்குள்ளை நிக்குதெண்டு. செய்மதி பிழை விடேல்லை. நடுவிலை இருக்கிற ஆகாசம் சிக்னலை வளைக்குது. விளங்குதோ?”

“அப்ப மீன் வாங்கச் சுகம்தானே, அண்ணை” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

துறைமுகம் துறைமுகமாக அந்தப் பிசகைப் பார்த்து, மேலாகாசம் எப்போது குழம்பும், எப்போது தெளியும் என்று தானே ஒரு கணக்குக் கட்டியிருந்தார். அதே விஷயத்துக்குக் கப்பலில் கொடுத்த வெள்ளைக்காரரின் புத்தகத்தில் வேறு கணக்கு. சிற்றலை வானொலியும் அந்த ஆகாசத்தில் பட்டுத் தெறித்துத்தான் எங்களிடம் வருகிறதாம். ஆகவே மாலைதோறும் ரேடியோவைத் திருகி, எந்தக் கணக்கு வென்றதென்று ஒழுங்கைக்கே அறிவிப்பார். புத்தகம் வென்றால் அன்று சோறு இறங்காது.

“குளிர் நாட்டிலை இருந்து எழுதினவனுக்கு எங்கடை ஆகாசத்தைப் பற்றி என்ன தெரியும்?”

குவைத்தில் சண்டை மூண்டபோது என் தம்பி அங்கே இருந்தான். கடிதம் இல்லை. தப்பிப் பாலைவன முகாமுக்கு வந்தவர்களின் பெயர்களை வெளிநாட்டு வானொலியொன்று மாலையில் வாசிக்கிறதென்று கேள்விப்பட்டோம். ஊரில் கரண்ட் இல்லை. ஆகாசத்தார்தான் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பவர். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நானும் மனைவியும் அவரிடம் ஓடினோம்.

“இண்டைக்குக் கேளாது. பொழுதுபட்டால் ஆகாசம் குழம்பும். என்ரை கணக்கு அப்பிடி.”

“புத்தகம் என்ன சொல்லுது, அண்ணை?” என்றாள் மனைவி.

மனிசன் மேலே பார்த்தார். எங்களைப் பார்த்தார். நான் அறிய, முதல் தடவையாகக் கீழே பார்த்தார்.

“கேக்குமாம்.”

“அப்ப...”

“சரி பிள்ளை. இண்டைக்கு உவன் வெல்லட்டும்.”

சுற்றினார். ஒரே இரைச்சல். வியர்த்துக் கொட்டியது. நான் கைமாற்றப் போனேன், விடவில்லை. “உமக்குச் சீராய்ச் சுத்தத் தெரியாது.”

இரைச்சலுக்குள்ளிருந்து தம்பியின் பெயர் வந்தது. பின்னால் எங்கள் ஊரின் பெயர். மனைவி விம்மினாள். ஆகாசத்தார் பெடலை விடாமலே சிரித்தார்.

“தோத்துப்போனன். அந்தமாதிரி, அருமையான தோல்வி.”

அன்று எங்கள் வீட்டில் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவருக்காக அருச்சனை செய்யப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இத்தனை காலம் பழகியும் எனக்கு இரண்டும் தெரியாது.

“ஆகாசத்தார் எண்டு சொல்லுங்கோ, ஐயா. மேலை இருக்கிறவருக்கு ஆளைத் தெரியும்.”