முள் அறுபதிலேயே நின்றது

அன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காவின் மூத்த மகள், ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம். அப்படி எழுதச் சொல்லிவிட்டு, எழுதும் வரைக்கும் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது அடுப்படிக்குப் போய்விட்டாள். இங்கே யாரும் நலமில்லை, மாமா.

போன மாதம் பதினெட்டாம் தேதி மதியம் அப்பா வேலை செய்யும் ஆலையின் வாசலில் ஒரு சிலிண்டர் வெடித்தது. கரியமில வாயுவைத் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைத்து, சோடா போடுகிறவர்களுக்கும் தீயணைப்புக் கருவி செய்கிறவர்களுக்கும் அனுப்பும் ஆலை என்பது உங்களுக்குத் தெரியும். அடைப்பது அப்பா. அடைத்ததை ஏற்றிக்கொண்டு போவது வேன் டிரைவர். வேனை வெளியே விடும் வாசல் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருந்ததால் மூடிய வேன் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றது. டிரைவர் செத்துப்போனார். அப்பா பத்தடி தள்ளி நின்றிருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது, இரண்டு காதும் போய்விட்டன. டாக்டர் ஒரு காது போகப் போகக் கொஞ்சம் கேட்கலாம் என்றார். எந்தக் காது என்று அம்மா கேட்டாள். அவர் இரண்டையும் மறுபடி பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்று என்றார்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் யாரோ ஒரு அம்மா என் பெயரைக் கேட்டதற்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டவள் நான். தேடிப் பிடித்தபோது பந்தி முடிந்திருந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது, அதனால்தான் அம்மாவுக்கு முதுகுவலி வந்ததும் பள்ளிக்கூடத்தை விட யாரும் என்னை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட நான் இப்போது காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறேன். தண்ணீர் வேண்டுமா என்று கத்துகிறேன். மாத்திரை போட்டாச்சா என்று கத்துகிறேன். எதிர் வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாக, "போட்டுட்டாரு பாப்பா, நான் பார்த்தேன்" என்று பதில் சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலையில் எடை மேடை உடைந்து நான்கு மாதம் ஆகிறது. நாற்பது லிட்டர் சிலிண்டரில் இருபத்தேழு கிலோவுக்கு மேல் போடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது, ஆனால் நிறுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை, அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றுதான் இருக்கிறது. புது மேடை வாங்கச் சொல்லி அப்பா மேனேஜரிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை அவர், "எடை எதுக்குய்யா? முள் இருக்குல்ல? அறுபது காட்டினா நிறுத்து" என்றாராம். அப்பாவும் அறுபதில் நிறுத்தினார். ஒரே வாரத்தில் சோடாக்காரர்கள் சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுவந்து, இதில் ஏப்பம் விடக்கூடக் காஸ் இல்லை என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அறுபது காட்டிய பிறகும் கொஞ்சம் விடு என்று மேனேஜர் சொன்னார். எவ்வளவு கொஞ்சம் என்று அப்பா கேட்டதற்கு, அனுபவம் உள்ளவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா என்று முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசியிருக்கிறார். அதிலிருந்து அப்பா மனதுக்குள் எண்ணி நிரப்ப ஆரம்பித்தார். இருநூற்று நாற்பது வரை எண்ணுவார், வால்வை மூடுவார். வீட்டில் சாப்பிடும்போதுகூட உதடு அசைந்துகொண்டே இருக்கும், கடவுள் பக்தி வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

இப்போது வருகிற வியாழக்கிழமை அரசாங்க அதிகாரி விசாரணைக்கு வருகிறார். மேனேஜர் ஒரு தாளை டைப் அடித்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 'எனது கவனக்குறைவினால்' என்று ஆரம்பிக்கிறது. எடை மேடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டால் வழக்கு அவர் மேல் மட்டும்தான் வரும், ஜெயில் உறுதி என்று தொழிற்சங்கத்துக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

அதனால்தான் உங்கள் புத்தகத்தை எடுத்தேன், மாமா. எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போனபோது நீங்கள் விட்டுப்போன தடிப் புத்தகம்தான், இத்தனை வருஷமும் மேசையின் குட்டைக் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தோம். அதை உருவியதிலிருந்து மேசை நொண்டுகிறது, இந்தத் தாளில் இருக்கும் குழம்புக் கறைக்கு அதுதான் காரணம். ஓரமெல்லாம் நீங்கள் பென்சிலில் எழுதியிருப்பது நன்றாகவே தெரிகிறது. 'வாத்தியார் தூங்கிவிட்டார்' என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் யாருக்கோ ஆரம்பித்த ஒரு கவிதை நாலு வரியில் நிற்கிறது. அத்தையின் கண்ணில் இந்தப் புத்தகம் படவே படாது, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சிலிண்டர் நிரப்பும் குளிரூட்டிய அறையின் வெப்பம் இருபத்திரண்டு டிகிரி, முள் அறுபது, இதை வைத்து ஒரு கிலோ எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால் நாற்பது லிட்டரில் எத்தனை கிலோ இருந்தது என்று சொல்லிவிடலாம். தையல்காரரிடம் கால்குலேட்டர் இரவல் வாங்கினேன், அன்றிலிருந்து அவரும் இதில் பங்காளி ஆகிவிட்டார். முதலில் புத்தகத்தின் ஆரம்பத்தில் இருந்த எளிய சூத்திரத்தில் போட்டேன். சிலிண்டருக்குள் நாலேகால் கிலோதான் இருக்க முடியும் என்று வந்தது. அப்படியானால் பத்தொன்பது வருஷமாக இருபத்தேழு கிலோ அடைத்துக்கொண்டிருந்த அப்பா ஒரு மந்திரவாதி. பிறகு படித்துப் பார்த்தபோது புரிந்தது, அந்தச் சூத்திரம் காஸின் துகள்களுக்கு உடம்பே இல்லை, ஒன்றையொன்று இழுப்பதும் இல்லை என்று வைத்துக்கொள்கிறது. நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் படுக்கிறோம், ஆளுக்கு ஒரு உடம்பு உண்டு என்பதை எனக்குப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. துகள் இடம் அடைப்பதையும் இழுப்பதையும் சேர்த்துக்கொண்ட பெரிய சூத்திரம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதில் இடத்தை நேராகக் கண்டுபிடிக்க முடியவில்லை. இடத்துக்கு ஒரு அளவை ஊகித்துப் போட வேண்டும், அழுத்தம் அறுபது வருகிறதா என்று பார்க்க வேண்டும், வராவிட்டால் கொஞ்சம் மாற்றி மறுபடி போட வேண்டும். இரண்டு நாள் இதே வேலையாக இருந்தேன். பெரிய அளவிலிருந்து ஆரம்பித்தால் எட்டரை கிலோ என்று போய் நிற்கிறது. சின்ன அளவிலிருந்து ஆரம்பித்தால் இருபத்தேழு கிலோ என்று போய் நிற்கிறது. நடுவில் பதினாறு என்று ஒன்றும் வருகிறது. மூன்றும் சரியாக அறுபதையே காட்டுகின்றன.

நான் அழுதுவிட்டேன். அம்மா வந்து என்னவென்று கேட்டாள், ஒரு கணக்குக்கு மூன்று விடை வருகிறது என்று சொன்னேன். "உங்கப்பா வீட்டு ஆளுங்க பேச்சு மாதிரி இருக்கு. எதுக்கும்மா அழற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தையல்காரர் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, "என் கால்குலேட்டர் பொய் சொல்லாது பாப்பா" என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் உங்கள் பென்சில்தான் காப்பாற்றியது. 'பெரியது காஸ், சின்னது திரவம், நடுவில் வருவது யாருக்கும் வேண்டாதது, அடித்துவிடு' என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே, 'திரவம் அடைக்கும் இடத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், பத்தில் ஒரு பங்கு குறை' என்றும் இருந்தது. குறைத்தேன். ஒரு கிலோவுக்கான இடம் குறைந்ததும் இருபத்தேழு கிலோ, முப்பதானது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, மாமா. சிலிண்டர் முழுக்கக் காஸாக இருந்தால் எட்டரை கிலோ, முழுக்கத் திரவமாக இருந்தால் முப்பது கிலோ. இடையில் எவ்வளவு போட்டாலும் கீழே திரவம், மேலே காஸ் என்று இரண்டும் கலந்து இருக்கும், திரவம்தான் ஏறிக்கொண்டே போகும், முள் அசையாமல் அறுபதிலேயே நிற்கும். ஒன்பது கிலோவுக்கும் அறுபது, இருபத்தொன்பதுக்கும் அறுபது. முள்ளைப் பார்த்து நிறுத்து என்று சொன்னது, சுவரைப் பார்த்து மணி சொல்லு என்று சொன்ன மாதிரி. இதை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த மனிதனாலும் சரியாக நிரப்ப முடியாது. முள் அறுபதில் நின்றதால் அப்பா அதிகபட்சம் முப்பது கிலோ அடைத்திருப்பார். மூடிய வேனுக்குள் வெயிலில் ஐம்பத்தைந்து டிகிரி என்று வைத்துப் போட்டால் அழுத்தம் இருநூற்றுப் பத்துதான் வருகிறது. நல்ல சிலிண்டர் இருநூற்றைம்பது வரை தாங்க வேண்டும். இந்தச் சிலிண்டரைச் சோதிக்க வேண்டிய தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது, அதுவும் மேனேஜர் பொறுப்பு. ஆக, கவனக்குறைவு அப்பாவுடையது இல்லை. ஒரு தப்பும் அவர் செய்யவில்லை.

இதை அதிகாரி முன்னால் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் யார் கேட்பார்கள், முதலில் எனக்குக் குரல் வருமா என்பதே சந்தேகம். நீங்கள் படித்தவர், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பேசினாலே அந்த மேனேஜர் எழுந்து நிற்பார். கணக்கு எல்லாம் தனித் தாளில் வைத்திருக்கிறேன், ஏழு பக்கம் வருகிறது. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் எப்படியாவது வந்துவிடுங்கள். இரண்டு வாரமாக அப்பா யாரிடமும் பேசுவதில்லை. டிரைவரின் மனைவி ஒரு நாள் வந்து எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார், அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காததால் பேசாமல் இருக்கிறார் என்று அம்மா சொல்கிறாள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள், கீழே விழாமல் நடக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல தூக்கமும் நல்ல காதும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிப்போன உங்கள் அக்கா மகள்

பி.கு.: மேலே எழுதியதை வைத்து யாரிடமும் பேசிவிடாதீர்கள், மாமா. இவ்வளவையும் அப்பாவிடம் கத்திச் சொல்ல முடியாது என்பதால், சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடிதத்தையே கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். முள் அசையாது என்று எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "முப்பதுக்கு மேல போனா?" என்று கேட்டார். அப்போது முள் சரசரவென்று ஏறும், உள்ளே காஸுக்கு இடமே இருக்காது என்று கத்தினேன். தாளிலிருந்து விரலை எடுத்தார்.

"ஏறுச்சும்மா," என்றார். "நூத்தி இருபதுக்குப் போச்சு. எண்ணிக்கிட்டே இருந்தேன், எண்ணிக்கை தப்பிப் போச்சு. நிமிர்ந்து பார்த்தா நூத்தி இருபது. திரும்பக் குழாயை மாட்டிக் கொஞ்சம் வெளிய விட்டிருக்கணும். அவன் வேனை ஸ்டார்ட் பண்ணிட்டு நின்னான். முன்னாடியும் ரெண்டு மூணு தடவை ஏறியிருக்கு, ஒண்ணும் ஆகலை. அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன்."

டிரைவர்தான் அவசரப்படுத்தினார் என்று சொல்லிவிடலாம் அப்பா என்று கத்தினேன். இத்தனை நாள் நான் கத்தியதிலேயே அசிங்கமானது அதுதான். எதிர் வீட்டில் தையல் மெஷின் நின்றது. "சொல்லலாம். இல்லைன்னு சொல்ல அவன் வரமாட்டான்" என்றார் அப்பா.

நூற்றிருபது என்று வைத்து மறுபடி போட்டேன். பெரிய அளவிலிருந்து ஆரம்பித்தாலும் சின்ன அளவிலிருந்து ஆரம்பித்தாலும் இந்த முறை ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. முப்பத்து நாலு கிலோ. வேனுக்குள் அழுத்தம் இருநூற்றுத் தொண்ணூறு. சிலிண்டர் புதிதாக இருந்திருந்தாலும் வெடித்திருக்கும்.

மேனேஜர் கொடுத்த தாளில் அப்பா கையெழுத்துப் போட மாட்டாராம். எடை மேடை இல்லாததையும் சொல்வாராம், முள் ஏறியதைப் பார்த்ததையும் சொல்வாராம். ஆகவே நீங்கள் புதன்கிழமை வர வேண்டாம், வெள்ளிக்கிழமை வாருங்கள், அன்றைக்கு அம்மாவுக்குத் துணை வேண்டியிருக்கும். அதிகாரி கேட்கிற கேள்விகளை அப்பாவின் காதருகில் நின்று நான்தான் கத்த வேண்டும். முள் ஏறியதா என்று அவருக்குக் கேட்கத் தோன்றாது அப்பா, அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவர் கேட்கலைன்னா நீ கேளும்மா" என்றார்.