எட்டுக் கால்களில் ஆறு சுகம்

பாளையம்பட்டி,
அருப்புக்கோட்டை.
12-12-1994

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஆஸ்டினுக்கு அத்தான் வேதநாயகம் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கும், ஜெப ஷீலா, குழந்தை அஷ்லின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம் என்று எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதப் பேனா வரவில்லை. இந்த வீட்டில் என்னுடையது இரண்டு, உன் அக்காள் எலிசபெத்துடையது இரண்டு, நாய் கோலியாத்துடையது நான்கு, ஆக எட்டுக் கால்கள் உள்ளன. அவற்றில் ஆறு சுகம். என் வலது முழங்காலும் நாயின் இடது முன்னங்காலும் எப்படிப் போயின என்று நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பாய், முழுசாக எழுதுகிறேன். எழுதி முடித்து ஒரு காரியம் கேட்பேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஜனவரி 22-ஆம் தேதி மதுரையில் நீ நடத்தப்போகும் நாய்களுக்கான தடைதாண்டும் போட்டியிலிருந்து எங்கள் பெயரை அடித்துவிட வேண்டும்.

இதெல்லாம் உன்னால் வந்தது என்று நான் சொல்லவில்லை, உன் அக்காள் சொல்கிறாள். ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நீ பேசாமல் இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, விசிலை வைத்துக்கொண்டு ஊத ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு, நாயை வேலி தாண்டவும் குழாய்க்குள் நுழையவும் கம்புகளுக்கிடையே வளைந்து ஓடவும் பழக்குவது எப்படி என்று பதினாறு பக்கக் குறிப்பை நீ தபாலில் அனுப்பினாய். வாசித்த கையோடு பரளச்சிக்குப் பஸ் ஏறி, என்னிடம் படித்த பையனின் தகப்பன் சங்கையாவிடம் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கி வந்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு ஒல்லி. அதனாலேயே வேதாகமத்து ராட்சதன் கோலியாத்தின் பெயரை வைத்தேன். வேதாகமப் பெயரை நாய்க்கு வைப்பதா என்று உன் அக்காள் சண்டைக்கு வந்தாள். எதிரி பெலிஸ்தன் பெயர்தானே, போகட்டும் என்று குருவானவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

பழக்கியது கண்மாய்க்குள். அப்போது கண்மாயில் தண்ணீர் ஏது, கரம்பை மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட தாண்டுகட்டைகளை நிறுத்தினேன், சீமைக்கருவேலங் கம்பு பன்னிரண்டை வரிசையாக ஊன்றினேன், ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் மூன்றின் அடித்தகட்டைத் தட்டி எடுத்துவிட்டுக் கோத்துக் குழாய் ஆக்கினேன். கோலியாத் எல்லாம் செய்தது, குழாய்க்குள் மட்டும் போவேனா என்று உட்கார்ந்துவிட்டது. உன் குறிப்பின் ஏழாம் பக்கத்தில், பழக்குகிறவர் தாமே செய்து காட்டுவது நல்லது என்று போட்டிருந்தது. செய்து காட்டினேன். இரண்டாவது டிரம்மில் இடுப்பு மாட்டிக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தவசியும் அவன் பெண்சாதி மூக்கம்மாளும் ஓடிவந்து ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். "சார், உள்ள என்னத்தத் தேடுறீக?" என்றான் தவசி. நாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். "நாயி வெளியதான நின்னு வேடிக்க பாத்துக்கிட்டிருக்கு" என்றாள் மூக்கம்மாள். ஆனால் மறுநாள் காலையில் கோலியாத் ஒரே ஓட்டமாகக் குழாயில் நுழைந்து அந்தப் பக்கம் வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஊரே கேட்க விசில் ஊதினேன்.

அடுத்தது மேசை. ஓடிவரும் நாய் மேசைமேல் ஏறி ஐந்து விநாடி அசையாமல் இருக்க வேண்டும், ஒரு சொல் சொன்னதும் பாய வேண்டும். அது எப்போதும் அதே சொல்லாக இருக்க வேண்டும், தெருவில் போகிறவர் வாயில் வராததாகவும் இருக்க வேண்டும் என்பது உன் குறிப்பு. 'போ', 'வா' எல்லாம் ஊருக்குப் பொது. எங்கள் வீட்டிலோ உன் அக்காள் சட்டம் ஒன்று நடக்கிறது: சாப்பாட்டு ஜெபம் முடியாமல் யாரும் தட்டில் வாய் வைக்கக் கூடாது, நாய் உட்பட. அவள் கண்ணை மூடி ஜெபிக்கிற வரைக்கும் கோலியாத் தன் தட்டுக்கு முன்னால் வாலைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்திருக்கும், 'ஆமென்' என்றதும் பாயும். வீட்டுக்குள்ளேயே ஒரு சொல் தயாராக இருக்கும்போது புதுசு எதற்கு என்று அதையே மேசைக்கும் வைத்தேன், வேலிக்கும் வைத்தேன். தெருவில் நாங்கள் ஒரு குடும்பம்தான் கிறிஸ்தவர்கள், வேறு யார் ஆமென் சொல்லப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். வாரா வாரம் போகிற கோயில் ஒன்று இருப்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஜூலையில் மதுரைப் போட்டியில் நடந்ததற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனாலும் என் தரப்பைக் கேள். கோலியாத் வேலி, குழாய், கம்பு எல்லாவற்றையும் பிசகாமல் முடித்துக்கொண்டு வந்து மேசையில் ஏறி உட்கார்ந்தது. அறுபத்தொரு வயதில் அதன் கூடவே ஓடிவந்த எனக்கு மூச்சு வாங்கி, வாயில் காற்றுத்தான் வந்தது, ஆமென் வரவில்லை. ஐந்து விநாடி போய், ஒரு நிமிஷம் போய், நடுவர் கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, யாராவது சாருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றார். நாய் அசையவில்லை, அப்படி ஒரு கீழ்ப்படிதலை என் முப்பத்தி நாலு வருஷ சர்வீஸில் எந்தப் பையனிடமும் நான் பார்த்ததில்லை. கூட்டத்திலிருந்து உன் அக்காள் பொறுக்கமாட்டாமல் "ஆமென்!" என்று ஒரு சத்தம் போட்டாள். மீதித் தடைகளையும் பார்வையாளர் கயிற்றையும் சேர்த்துத் தாண்டி அவள் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையில் போய் விழுந்தது கோலியாத். வெளியாள் உதவி என்று எங்களை நீக்கிவிட்டார்கள். "வெளியாளா? கழுத்த நீட்டி முப்பது வருஷமாச்சு, நான் வெளியாளா?" என்று உன் அக்காள் நடுவரிடம் கேட்டாள்.

தோல்விக்கு நான் அசரவில்லை. கூட்டத்திலும் சத்தத்திலும் நாயைப் பழக்க வேண்டும் என்று பதிமூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தாயே, கூட்டத்துக்கு நான் எங்கே போவேன்? அக்டோபர் இரண்டாம் தேதி எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. வளாகத்தில் பந்தல் போட்டு, விசுவாசிகள் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், கம்பு மூட்டை, காலைக் கட்டின சேவல் எல்லாம் ஏலத்துக்குக் குவிந்து கிடந்தன. கோலியாத்தைப் பந்தல் ஓரம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, நான் பக்கத்தில் நின்றேன். குருவானவர் ஜெபித்தார். மழைக்காக ஜெபித்தார், பருத்திக்காக ஜெபித்தார், பரீட்சை எழுதுகிறவர்களுக்காக ஜெபித்தார். முழுசாகப் பதினொரு நிமிஷம். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன், நாய் சிலை மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவில் வரப்போவது என்ன என்று யோசிக்கவில்லை. முந்நூறு பேரும் ஒரே குரலாக 'ஆமென்' என்றார்கள்.

பெஞ்சிலிருந்து கிளம்பி மூட்டையைத் தாண்டியது, வாழைத்தாரைத் தாண்டியது, சேவலைத் தாண்டியது. அழகான பாய்ச்சல், நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கோ கூடவே ஓடிப் பழகிய கால், சொன்னால் கேட்குமா, அதுவும் ஓடியது. நான் முதல் பூசணிக்காயிலேயே இடறி, வலது முழங்கால் தரையில் மோத விழுந்து "ஐயோ!" என்று கத்தினேன். என் சத்தம் கேட்டு நாய் அந்தரத்திலேயே தலையைத் திருப்பிப் பார்த்தது. பார்த்தபடியே கோணலாக வந்து இறங்கியது. அதன் முன்னங்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு விழுந்திருந்தால் அது நேராக இறங்கியிருக்கும் ஆஸ்டின். என்னைப் பார்க்கப்போய்த்தான் அதற்கு இப்படி ஆயிற்று. இதை உன் அக்காளிடம்கூட நான் சொல்லவில்லை.

எனக்கு ஒரு மாவுக்கட்டு, அதற்கு ஒரு மாவுக்கட்டு. விசாரிக்க வந்தவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிவந்து, முதலில் நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் "சாருக்கும் அடியாமே" என்றார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த கால்நடை டாக்டர், எலும்பு கூடிவிட்டது, தண்ணீருக்குள் நடக்கவிட்டால் காலுக்கு வலு வரும் என்றார். குருவானவர் ஜெபித்த மழை நவம்பரில் கொட்டித் தீர்த்து, கண்மாயில் தாண்டுகட்டை நின்ற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தினமும் காலையில் நானும் அதுவும் நொண்டிக்கொண்டு போய் அதில் நடந்தோம். முதலில் பத்து நிமிஷம், பிறகு பதினைந்து, பிறகு அரை மணி. "ஏங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரி நொண்டுறீங்க" என்று உன் அக்காள் சிரித்தாள். போன வாரம் அது நொண்டாமல் நடந்தது. நான் இன்னும் நொண்டுகிறேன்.

ஆனால் தாண்டமாட்டேன் என்கிறது. அடுப்படிக்குள் நாய் வரக்கூடாது என்று வாசலில் குறுக்கே உன் அக்காள் ஒரு பலகை வைத்திருப்பாளே, முன்பெல்லாம் தினமும் அதைத் தாண்டும், தினமும் அவளிடம் அடி வாங்கும். இப்போது வாசற்படிகூட ஏறாமல், தூக்கிவிடு என்று என் முகத்தைப் பார்க்கிறது. எலும்பில் குறை இல்லை, பயம்தான் என்கிறார் டாக்டர். அதைவிடக் கொடுமை, ஆமென் என்ற சொல் காதில் விழுந்தால் நடுங்கிப்போய் வீட்டுப் பெஞ்சுக்கு அடியில் ஒளிகிறது. அதனால் உன் அக்காள் ஆமெனை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறாள். பத்து வாரமாக இந்த வீட்டில் ஜெபம் ஆரம்பிக்கிறது, முடிவதில்லை. ஆண்டவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறாரோ.

நேற்று சங்கையா வந்திருந்தார். "சார், ஓடாத நாய டவுனுக்குள்ள கட்டிப்போட்டு என்ன பண்ணப்போறீக? எங்கிட்டக் குடுங்க, காட்டுல கெடக்கட்டும், கெடைக்கிற கஞ்சியக் குடிக்கட்டும்" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் அது பயப்படுகிறது என்று நினைக்கிறேன். அங்கே போனால் மறந்துவிடும். பேரை அடித்துவிடு. உன் குறிப்பையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், ஏழாம் பக்கத்தில் தார் ஒட்டியிருப்பதை மன்னிக்கவும்.

ஜெப ஷீலாவுக்கு எங்கள் அன்பு, அஷ்லினுக்கு முத்தம். ஏசுபாலன் பிறப்பின் மகிழ்ச்சி உங்கள் வீட்டை நிறைக்கட்டும், உங்கள் ஆறு கால்களும் என்றென்றும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் வேதநாயகம்

பி.கு.: குறிப்பை அனுப்பவில்லை, உறையில் தேடாதே. மேலே உள்ளதை உன் அக்காளிடம் வாசித்துக் காட்டினேன், "ஐயோ" என்று நான் கத்தியதையும் சேர்த்துத்தான். எழுந்து போனாள். அடுப்படியில் பண்டிகைக்கு அச்சுமுறுக்குச் சுட்டு வைத்திருந்தாள், அதன் முன்னால் நின்று கண்ணை மூடினாள். "கர்த்தாவே, இவர் கூறில்லாம ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்கார், அதப் பெருசா எடுத்துக்காதீங்க, இந்த வாயில்லா ஜீவன் எங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லி, மதுரையில் போட்டாளே, அதே சத்தத்தில் "ஆமென்!" என்றாள். கோலியாத் பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்தது. என்னைப் பார்த்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பலகையைத் தாண்டி, நாலு காலும் பதிய நேராக இறங்கி, நாலு முறுக்கைக் கவ்விக்கொண்டு அதே பலகையைத் திரும்பவும் தாண்டி வந்தது. பத்து வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஜெபம் முடிந்தது. மறந்தாப்பல சொல்லிட்டேன் என்கிறாள். உன் அக்காள் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. அவள் இன்றைக்கு அடிக்கவும் இல்லை. நான் கொஞ்ச நேரம் அழுதேன், அதை ஜெப ஷீலாவிடம் சொல்லாதே. பலகையை அளந்தேன், இரண்டே கால் அடி இருக்கிறது. உன் போட்டியில் இரண்டு அடிதானே? பேரை அடிக்காதே. சனிக்கிழமை சங்கையாவுக்கு முறுக்கு மட்டும் கொடுத்தனுப்புவதாக இருக்கிறோம். எட்டுக் கால்களில் ஏழு இப்போது சுகம், எட்டாவது என்னுடையது, அது ஓடாது. அதனால் ஜனவரியில் நாயோடு ஓடப்போகிறவர் பெயரை மாற்றி எலிசபெத் என்று எழுதிக்கொள். கான்வாஸ் ஷூவுக்கு இப்போதே அளவு கொடுத்துவிட்டாள். சேலையோடு ஓட விதியில் இடமுண்டா என்று நடுவரிடம் கேட்டு உடனே பதில் போடவும்.