தடதட அண்ணனும் கியூபெக் சிரிப்பும்

ஊரெல்லாம் வெளியே போகும்போது செருப்பு மாட்டும், வீட்டு வாசலில் கழற்றும். வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்ஸ் மாட்டிக்கொள்கிற மனிதர் பினாங்குத் தீவிலேயே, ஏன், மலேசியாவிலேயே எங்கள் தடதட அண்ணன் ஒருவர்தான். அதுவும் லேசுப்பட்ட பூட்ஸ் இல்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கொடுத்த, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். வேலைக்கு ஒரு ஜோடி, வீட்டுக்கு ஒரு ஜோடி. வீட்டு ஜோடி தெருவையே பார்த்ததில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, அலமாரியில் பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் தபால் பெட்டியில் எழுதியிருக்கிறது, யாரும் நின்று படித்ததில்லை. ஜெலுத்தோங் பக்கம் அந்த அடுக்குமாடிக்கு நான் குடிவந்த முதல் சனிக்கிழமை சாயங்காலமே என் வீட்டு உத்தரம் தடதடவென்று அதிர்ந்தது. சண்டை போடத்தான் மேலே போனேன். கதவு திறந்திருந்தது. பழைய ரெக்கார்ட் பிளேயரில் வயலின் பாய்ந்துகொண்டிருக்க, அண்ணன் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. கீழே இரண்டு கால்களும் ஒரு பலகையின் மேல் வேறு யாருடைய கால்களோ மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா தட்டக் கூடாதா?"

"மெதுவா தட்டுனா அது வேற பாட்டு தங்கச்சி. உக்காருங்க, பீசாங் கோரெங் சூடா இருக்கு."

சண்டைக்குப் போனவள் வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றுவிட்டு இறங்கி வந்தேன். அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே போனேன்.

அந்தப் பிளேயரை அவர் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கியிருந்தார். உள்ளேயே ஒரு இசைத்தட்டு உறையோடு இருந்ததாம். போட்டுப் பார்த்தால் வயலினுக்கு அடியில் தடதடவென்று ஒரு சத்தம். ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிறவர் அல்லவா, மோட்டாரில் கோளாறு என்று முடிவு கட்டினார். பிளேயரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார், எண்ணெய் விட்டார், பெல்ட் மாற்றினார். மோட்டார் பூனை மாதிரி ஓடியது, தடதட மட்டும் போகவில்லை. கடைசியில் தட்டின் அட்டை உறையில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து வயலின் வாசிக்கிறார். முகம் தெளிவு, வயலின் தெளிவு, கால் மட்டும் கலங்கியிருக்கிறது. சத்தம் அந்தக் காலிலிருந்து வருகிறது!

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தப் பைத்தியம். அது கனடாவில் கியூபெக் என்கிற பிரெஞ்சு பேசுகிற பகுதியின் கிராமத்துப் பாட்டு என்று கண்டுபிடித்தார். பனிக்காலத்தில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டுச் சமையலறையில் கூடுவார்களாம். மேசையை ஓரம் தள்ளிவிட்டு வயலின், அக்கார்டியன், அதுவும் இல்லையென்றால் இரண்டு கரண்டி. ஒருவர் ஒரு வரி பாடினால் அத்தனை பேரும் அதையே திருப்பிப் பாட வேண்டும். அப்படி ஒரு வீட்டில் ஒலிப்பதிவு செய்ததுதான் அண்ணன் கையில் கிடைத்த தட்டு.

திருப்பிப் பாட ஆள் வேண்டுமே? நாங்கள் எதற்கு இருக்கிறோம்! வக்கீல் ஆபீஸ் கிளார்க்கான நான், தெரு முனையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் காதர் பாய், லிஃப்டில் அகப்பட்ட இன்னும் சிலர். அண்ணன் ஒரு வரி பாடுவார், நாங்கள் அதையே கத்துவோம். ஒருவருக்கும் ஒரு எழுத்து புரியாது. அவர் மனைவி மட்டும் ஃபேக்டரியில் கொடுத்த காதடைப்பானை மாட்டிக்கொண்டு டிவி பார்ப்பார்.

அந்தத் தட்டில் ஒரு பாட்டின் நடுவில் ஒரு வரியைத் திருப்பிப் பாடி முடித்ததும், அந்தச் சமையலறையே கொல்லென்று சிரிக்கும். நாங்களும் அதே இடத்தில் கொல்லென்று சிரிப்போம். இதற்கும் அண்ணன்தான் பயிற்சி கொடுத்தார். "காதர் பாய், சிரிப்பு லேட்டு" என்று திட்டுக்கூட விழும்.

புக்கிட் மெர்தாஜாமில் அவர் அக்கா மகன் கல்யாண விருந்தில் எங்களை மேடையேற்றினார். பட்டு வேட்டி, கீழே இரும்பு பூட்ஸ். மண்டபமே சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தது. பாடினோம், தட்டினோம், அந்த இடம் வந்ததும் சிரித்தோம். இறங்கி வந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா பாசைப்பா இது, தெலுங்கா?"

"பிரெஞ்சு மாமா."

"நல்லாத்தான் இருக்கு. நடுவுல எதுக்குச் சிரிச்சீங்க?"

அண்ணன் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். "அவங்க எல்லாரும் சிரிக்கிறாங்க மாமா. நம்ம மட்டும் சும்மா உக்காந்திருந்தா மரியாதையா இருக்குமா?"

சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் எதற்குச் சிரித்தார்கள்? போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் பிடித்துப் பார்த்தார். 'கோழி, மன்னிக்கவும், கோழி' என்றது. தெருச் சுவர் ஓவியங்களைப் பார்க்கச் சுற்றுலா வந்த பிரெஞ்சுத் தம்பதியை வழிமறித்து மேலே கூட்டி வந்தார். அவர்கள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். எங்கள் முப்பாட்டன் காலத்துப் பேச்சு மாதிரி இருக்கிறது, பாதிதான் பிடிபடுகிறது என்றார்கள்.

இதற்குள் வேறொரு வினை வந்து சேர்ந்தது. அந்த ஒரே இடத்தில் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்ததில் தட்டு தேய ஆரம்பித்தது. சிரிப்பு, மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சலுக்குப் பின்னால் போய்விட்டது. "போன்ல பதிவு பண்ணி வச்சுக்கங்கண்ணே" என்றேன். பண்ணிப் பார்த்தார். பழைய பிளேயர், பழைய போன். அப்பளம் பொரிக்கிற சத்தம்தான் வந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தையே நிறுத்திவிட்டார்.

"போட்டா தேயுது. போடாட்டி தெரியாது. என்னா செய்யிறது தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சின்னதாகத் தெரியவில்லை. கால் ஓய்ந்துபோன அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காதர் பாய் போன் செய்தார். "தங்கச்சி! அந்தப் பாசை இங்க வந்து ஆயாம் கோரெங் சாப்பிடுது!"

"என்னா பாய் சொல்றீங்க?"

"ஒரு வெள்ளைக்காரம்மா. போன்ல அவங்க அம்மாகிட்ட பேசுது. அதே இழுப்பு லா! அண்ணன ரெடியா இருக்கச் சொல்லுங்க!"

மத்தியானக் கூட்டத்தில் நாசி கண்டார் கடைக்காரர் கல்லாவை விட்டு நகர்ந்தார் என்று பினாங்கில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். காதர் பாய் நகர்ந்தார். பொரித்த கோழி தின்ற கையைக் கழுவியதும் கழுவாததுமாக அந்த அம்மாவை மேலே அழைத்து வந்துவிட்டார். கியூபெக்கில் நர்ஸாக வேலை பார்க்கிறவராம், விடுமுறைக்கு வந்தவர். வாசலில் ஒழுங்காகச் செருப்பைக் கழற்றினார். உள்ளே பூட்ஸோடு நின்ற அண்ணனைப் பார்த்துக் குழம்பினார்.

அண்ணன் ஊசியை வைத்தார். வயலின் தொடங்கியதுமே அந்த அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வெறும் கால்கள் தானாகத் தட்ட ஆரம்பித்தன. அந்த இடம் வந்தது. ஒரே இரைச்சல்.

"இன்னொரு தடவை போட முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார், காதர் பாயைப் பார்த்தார். இன்னொரு தடவை போட்டால் மிச்சமும் போகலாம். மூச்சை இழுத்துக்கொண்டு ஊசியைத் தூக்கி வைத்தார். அந்த அம்மா காதைப் பிளேயருக்குள்ளேயே விடுகிற மாதிரி குனிந்தார். தட்டு சிரிக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பாடகர் ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாராம். நடுவில் தீய்ந்த வாடை அடித்திருக்கிறது. பாட்டை நிறுத்த மனசில்லாமல் அதே மெட்டில், 'யாராவது அடுப்பை அணையுங்கள், பட்டாணி சூப் தீய்கிறது' என்று பாடிவிட்டார். அவர் பாடுவதை அப்படியே திருப்பிப் பாடுவதுதானே வழக்கம்? மொத்தக் கூட்டமும் உருக்கமாக, 'யாராவது அடுப்பை அணையுங்கள், பட்டாணி சூப் தீய்கிறது' என்று பாடியதே ஒழிய, ஒருவர்கூட எழுந்து அடுப்பிடம் போகவில்லை. பாடி முடித்த பிறகுதான் உறைத்திருக்கிறது.

காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! இதையா லா கல்யாணத்துல நெஞ்சுல கைய வச்சுப் பாடுனோம்?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவுதானா என்று ஏமாந்துவிட்டாரோ என எனக்குப் பக்கென்றது. அவர் நெற்றியைச் சுருக்கி அந்த அம்மாவிடம் கேட்டார்.

"அப்புறம் அடுப்ப அணைச்சாங்களா?"

நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சிரிப்பை நிறுத்தினார். அண்ணனே ஊசியைத் தூக்கி மறுபடியும் அந்த இடத்தில் வைக்க, அவர் குனிந்து கேட்டார். நாற்காலி இழுபடுகிறது, யாரோ ஓடுகிறார்கள், மூடி விழுகிறது என்றார். அணைத்துவிட்டார்கள்.

"அப்பாடா" என்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம்தான் சிரித்தார். கால்களும் தட்டத் தொடங்கின.

அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது. பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில், இன்று இருக்கிறார்களோ இல்லையோ தெரியாதவர்கள் அன்றைக்குச் சூப் தீய்ந்துபோய்ப் பசியோடு படுத்திருப்பார்களோ என்று கவலைப்பட ஒரு மனிதர் இருக்கிறார். அவர் எனக்கு மேல் வீட்டுக்காரராக வாய்த்தாரே, நான் கொடுத்து வைத்தவள்.