வாய் திறக்காத பிரவுசரும் எங்கள் அண்ணனும்

தர்மபுரி மாவட்டத்திலேயே, பெண் பார்க்கிற கவனத்தோடு பிரவுசர் பார்த்தவர் எங்கள் விடுதியின் பிரவுசர் அண்ணன் ஒருவர்தான். நிஜப் பெயரைக் கேட்டால், “அது எதுக்குடா உனக்கு?” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போன்களையெல்லாம் வாங்கி மொட்டைமாடியில் வரிசையாக அடுக்கினார். ஆளுக்கொரு பிரவுசர், எல்லாவற்றிலும் ஒரே பக்கம், எது முதலில் திறக்கிறது என்று பந்தயம். எருதாட்டத்தில் காளையை விரட்டுவது போல விசில் பறந்தது. முதலில் வந்ததை அவரே தள்ளிவிட்டார். “நல்லாத்தான் ஓடுது. ஆனா நம்ம வூட்டு சேதிய ஊரெல்லாம் சொல்லிக்கிட்டே ஓடுது.” கடைசியாக வந்ததைத் தடவிக்கொடுத்தார். “இதான் தங்கம். வாயத் தொறக்காது.”

“காலையும் எடுத்து வைக்காதுண்ணா!” என்றான் ஒருவன்.

அண்ணனும் அப்படித்தான், தன்னைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஒருமுறை ஒகேனக்கல்லில் மீன் வறுத்த அக்கா, “எந்த ஊரு தம்பி?” என்று கேட்டார்.

“எதுக்குங்கக்கா?”

“ஊரச் சொன்னாத்தான காரம் எவ்ளோ போடறதுன்னு தெரியும்?”

அண்ணன் சொல்லவில்லை. அக்காவும் கையை அடக்கவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய மீனைத் தின்றாரே தவிர, ஊர் வெளியே வரவில்லை.

எனக்கு பி.எட். சீட் கிடைத்தது. அதை இணையத்தில் உறுதி செய்ய அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. என் போன் கிழடு. அந்தப் பக்கத்தையே திறக்கவில்லை. அண்ணனிடம் ஓடினேன். அவருடைய தங்கமோ எல்லாவற்றையும் தடுத்தது. ‘உறுதி செய்’ பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் அசையவில்லை. இண்டூரிலிருந்து அப்பா கூப்பிட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். “சீட்டு நமக்குத்தானேப்பா?” என்றார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தான் தள்ளிவிட்ட அந்த ஓட்டவாய்ப் பிரவுசரைத் தன் போனிலேயே இறக்கினார். இடம் கேட்டது, கொடுத்தார். தொடர்புகளைக் கேட்டது, கொடுத்தார்.

“அண்ணா, எல்லாத்தையும் கேக்குதுண்ணா!”

“கேட்டுட்டுப் போவுது! எங்க ஊரு பென்னாகரம்னு வேணும்னாலும் சொல்லிக்கட்டும். நீ அமுத்துடா!”

அமுத்தினேன். சீட் உறுதியானது. அவர் ஊரும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது நான் வாத்தியார். போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போனபோது போனை நீட்டினார். திரை முழுக்க பி.எட். கல்லூரி விளம்பரங்கள்.

“இன்னும் தொரத்துதாண்ணா? அந்தப் பிரவுசரத் தூக்கிட்டா நின்னுருமே?”

“எனக்குத் தெரியாதா? இருக்கட்டும் வுடு” என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். “அதப் பாக்கறப்பல்லாம், நம்ம பையன் வாத்தியாருன்னு நெனப்பு வருது.”