சனிக்கிழமை நாலு மணி மூக்கு

என் பெயர் மூக்கு. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு, அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மூக்கு என்பது நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வைத்தது. பட்டம் வாங்கியவன் பட்டத்தைச் சுமப்பதுபோல் அதை நான் சுமந்துகொண்டிருந்தேன், போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் இருந்தோம். நான்கு கட்டில், ஒரு கண்ணாடி, ஒரே ஒரு நல்ல சட்டை. நெட்டை, நிலம் அளக்கிறவன். கம்பவுண்டர் மருந்துக்கடையில் இருந்தான். இன்னொருவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சோற்றில்கூடப் பிழை கண்டுபிடிப்பான், அதனால் அவனுக்குக் 'குற்றம்' என்று பெயர். நான் குழாய்க் கிடங்கில் சரக்குப் பொறுப்பாளர். சிரிக்காதீர்கள், சரக்கு என்றால் குழாய்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் ஒரு பாருக்குப் போவோம். எந்தப் பார் என்பதுதான் சிக்கல். நல்ல பாருக்குப் போனால் உட்கார இடமிருக்காது. இடமிருக்கிற பாருக்குப் போனால், ஏன் இடமிருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நான் ஜன்னலோரம் நின்று, மூக்கைத் தூக்கி, காற்றை இரண்டு இழுப்பு இழுத்து, "இன்னிக்கு நீல விளக்கு பார்" என்பேன். போனால் மின்விசிறிக்கு நேர் கீழே ஓர மேஜை காலியாக இருக்கும். மேஜை விரிப்பு துவைத்ததாக இருக்கும். இரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். மூக்கில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு, சிகரெட் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப்போவேன். தெருமுனைப் போன் கூண்டில் காசு போட்டு, தொலைபேசி விசாரணைக்குப் பேசுவேன். ஊரில் எந்தக் கடையின் நம்பர் வேண்டுமானாலும் அப்போதெல்லாம் அங்கேதான் கேட்கவேண்டும். முதல் தடவை நிஜமாகவே ஒரு பாரின் நம்பர்தான் கேட்டேன். ஒரு பெண் குரல் சொன்னது:

"நம்பர் தரேன் சார். ஆனா அங்க போகாதீங்க. காலையிலேர்ந்து நாப்பது பேர் அதே நம்பரைத்தான் கேட்டிருக்காங்க. நிக்கக்கூட இடம் இருக்காது."

"அப்போ எங்க மேடம் போறது?"

"நீல விளக்கு. மத்த வாரமெல்லாம் அதையும் கேப்பாங்க, நல்ல இடமாத்தான் இருக்கணும். அங்க இன்னிக்கு யாரும் கேக்கல, சார்."

அவ்வளவுதான் என் ஞானம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு அதே குரல், வாரம் ஒரு பார். கடைசியில் "வேற ஏதாவது நம்பர் வேணுமா, சார்?" என்று கேட்கும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருந்ததில்லை. அப்படிக் கிடைத்த ஓர மேஜை ஒன்றில்தான் கம்பவுண்டர் தன் காதலை எங்களிடம் சொன்னான். அங்கேதான் குற்றம் முதல்முறையாக ஒரு விஷயத்தை நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மனைவியைக் கிடங்கில்தான் முதலில் பார்த்தேன். ஒழுகுகிற குழாயை மாற்ற வந்திருந்தாள். "பில் இருக்கா மேடம்?" என்றேன். பதில் சொல்லாமல் ஒரு நிமிடம் என்னையே பார்த்தபடி நின்றாள். கண்டதும் காதல் என்று இருபத்தாறு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பு அவளிடம், "பார் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல" என்று சத்தியம் செய்தேன். அவள் சிரித்தாள். நல்ல மாப்பிள்ளை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியத்தைக் காப்பாற்ற அன்றோடு பாரை விட்டேன். அவள் தொலைபேசி அலுவலகத்தில், வெளியூர் இணைப்பு தருகிற ட்ரங்க் கால் பிரிவில் வேலை பார்த்தவள், காது கூர்மை. பொய் சொன்னால் குரலிலேயே பிடித்துவிடுவாள்.

போன மாதம் கம்பவுண்டர் போன் செய்தான். கடல் தாண்டி மகளோடு இருக்கப் போகிறானாம். திரும்பி வருகிற உத்தேசமில்லை.

"டேய் மூக்கு, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சனிக்கிழமை. பழைய மாதிரி நாலு பேரும். இடம் நீதான் பாக்கணும். மூக்கு இன்னும் வேலை செய்யுதா?"

"செய்யாம என்ன?" என்றேன். போனை வைத்தேன். இதுதான் நாங்கள் நால்வரும் உட்காரப்போகிற கடைசி மேஜை. போன் கூண்டு இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். விசாரணை என்ற இலாகாவே இல்லை.

வேறு வழியில்லாமல் தினம் ஒரு பாராக நேரில் பார்க்கக் கிளம்பினேன். மூன்றாம் நாள் மனைவி வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கிடங்குல ஸ்டாக் எடுக்கிறாங்க."

"அது வருஷக் கடைசியிலதானே?"

"இது நடு வருஷ ஸ்டாக்."

"மூணு நாளா எண்ணுறீங்களே, குழாய் ஏதாவது குட்டி போடுதா?"

முதல் பாரில் பாட்டுச் சத்தத்தில் என் சட்டைப் பித்தான் அதிர்ந்தது. பணியாளரிடம் எலுமிச்சை சோடா கேட்டேன், கழிவறைக்கு வழி காட்டினார். இரண்டாவதில் நாற்காலிகளுக்கு முதுகே இல்லை. நெட்டைக்கோ முதுகுதான் பிரச்சினை. மூன்றாவதில் பட்டியல் கிடையாது, மேஜைமேல் ஒட்டியிருக்கிற ஒரு கட்டத்தைச் செல்போனில் படம் பிடிக்கவேண்டுமாம். பிடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிர் மேஜையில் என் மேனேஜர். வேலை நாள், மத்தியானம் மூன்று மணி. நான் தூணைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் அன்று ஸ்டாக் எடுக்கிற நாள்.

சனிக்கிழமை வந்துவிட்டது. கையில் ஒரு சீட்டு, அதில் மூன்று பெயர், மூன்றையும் அடித்திருந்தேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"என்னங்க, மணி நாலாச்சு."

"அதுக்கென்ன?"

"போன் பண்ணலையா?"

"யாருக்கு?"

"சும்மா கேட்டேன். முகம் ஏன் இப்படி இருக்கு?"

பாதி மட்டும் சரணடைந்தேன். "மேனேஜருக்குப் பிரிவு உபசாரம். அமைதியா ஒரு இடம் பாக்கச் சொல்லிட்டாங்க. கொஞ்சம்... பெரியவங்க குடிக்கிற மாதிரி இடம்."

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள்.

"நூலகத் தெருவுல மாடி பார். அங்க இன்னிக்கு யாரும் கேக்கல, சார்."

காபி டம்ளர் என் வாய்க்கு அருகிலேயே நின்றுவிட்டது. இருபத்தாறு வருடத்தில் அவள் என்னை எப்படியெல்லாமோ கூப்பிட்டிருக்கிறாள். சார் என்று மட்டும் கூப்பிட்டதில்லை. அதனால்தான் எனக்குக் குரல் பிடிபடவில்லை. அந்தக் குரலில் சார் இருந்தது, வீட்டுக் குரலில் இல்லை.

"நீ ட்ரங்க் கால்லதானே இருந்தே?"

"அது கல்யாணத்துக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் விசாரணை. நீங்க கேக்கவே இல்லையே."

"அப்போ கிடங்குல என்னையே பாத்துக்கிட்டு நின்னியே?"

"இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கோமேன்னு யோசிச்சேன். மூஞ்சியப் பாக்கவே இல்ல."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"தலைவச்சுக்கூடப் படுத்ததில்லன்னு சத்தியம் பண்ணவர்கிட்ட எப்படிங்க சொல்றது? மனசு கஷ்டப்படுமே."

"சரி, இது காலியா இருக்கும்னு எப்படித் தெரியும்?"

"எட்டு இடத்துக்குப் போன் போட்டு, பன்னெண்டு பேருக்கு இடம் இருக்கான்னு கேட்டேன். ஏழு பேர் 'பாத்து சொல்றோம்'னாங்க. ஒருத்தர் மட்டும் 'வாங்கம்மா வாங்க'ன்னு அழாத குறை. அங்க பாட்டு கிடையாதாம், அதனால இளவட்டம் வர்றதில்லையாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நம்பர் கிடைச்சதும் எல்லாரும் டொக்குன்னு வச்சிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் அடுத்த வாரம் கூப்பிட்டு, 'மேடம், நீங்க சொன்ன இடம் நல்லா இருந்துச்சு'ம்பீங்க. அதுக்காகவே அந்த ஷிப்டை நான் யாருக்கும் விட்டுக்குடுத்ததில்ல."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அதற்குள் அவள் பீரோவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"கடைசியில எத்தனை பேருக்கு மேஜை சொன்னே?"

"அஞ்சு."

"நாங்க நாலு பேர்தானே?"

"கம்பவுண்டர் அண்ணன் போன்ல பேசினது எனக்குக் கேக்காமலா இருக்கும்? ஊருக்கெல்லாம் வழி சொன்னேன். ஒரு பாரையாவது உள்ள போய்ப் பாத்திருக்கேனா? எந்தச் சேலை கட்டட்டும்?"

மாடிப்படியில் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஒண்ணே ஒண்ணு. மூக்கு விஷயம் மட்டும் வெளிய வரவேண்டாம். இன்னிக்கு ஒரு நாளாவது அது என்னோடதா இருக்கட்டும்."

"நான் ஏங்க வாயத் திறக்கறேன்?" என்றாள்.

ஓர மேஜை. மேலே மின்விசிறி. துவைத்த விரிப்பு. முதுகுள்ள நாற்காலிகள். மூன்று பேரும் வந்தார்கள். நெட்டை முதுகைச் சாய்த்து ஆகா என்றான். குற்றம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கம்பவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மூக்கு மூக்குதான்டா!" என்றேன் நானே, யாரும் சொல்லாததால்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பவுண்டர் மெதுவாக ஆரம்பித்தான். "நான் போகப்போறேன், இப்பவாவது சொல்லிடறேன். டேய், நீ சிகரெட்டே பிடிக்கமாட்டியேடா. அப்புறம் எதுக்கு வாராவாரம் சிகரெட் வாங்கப் போனே?"

"முதல் மாசமே கூண்டுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டோம்" என்றான் நெட்டை.

"உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல" என்றான் குற்றம்.

என் மனசுக்குத்தான் ஊரில் எத்தனை காவலர்கள்!

"அந்த மேடம் இப்ப எங்க இருக்காங்களோ" என்றான் கம்பவுண்டர். "ஒரு தடவையாவது பாத்து நன்றி சொல்லியிருக்கணும்டா."

மனைவியைப் பார்த்தேன். கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு, வாயைத் திறக்காமல், குழல் வைத்து சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"இங்கதான்டா இருக்காங்க" என்றேன்.

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த என் நாற்காலி அவளுக்குப் போயிற்று. குற்றம் கை கூப்பினான். அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பாராகப் பெயர் சொல்லி, அங்கே என்ன நடந்தது என்று அவளுக்குச் சொன்னார்கள். அவள் அப்போதுதான் முதல்முறையாக அந்த இடங்களுக்குள் போவதுபோல் கண் விரியக் கேட்டாள். நான் காற்று வராத மூலையில் உட்கார்ந்து கேட்டேன். அழகான சாயங்காலம், பொய் சொல்லமாட்டேன்.

கம்பவுண்டர் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தான். போன சனிக்கிழமை, நம் ஊர் நேரத்துக்கு மணி நாலு, அவனிடமிருந்து போன். ஆசையாக ஓடிப்போய் எடுத்தேன்.

"இந்த ஊர்ல எந்தப் பாருக்குப் போறதுன்னே தெரியல" என்றான். "நீ தள்ளு, போனை மூக்குகிட்ட குடு."