துப்பாக்கிக்கு ஒரு சாட்சி தேவை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பிறர் மனத்தைப் புண்படுத்திவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. உங்கள் மகள் திருமணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் என்னை ஓரமாக நிறுத்தி, இடது தோள் மட்டும் விழும்படி செய்தீர்களே, அதன்பின் நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதையெல்லாம் கிளற இப்போது எழுதவில்லை. உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

நான் குறி சுடும் சங்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். "காகிதத்தைச் சுடறதுக்கு ஒரு சங்கமா மாப்ள?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர் நீங்கள்தான். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் கல்லூரி முதல்வராகிவிட்ட பிறகு, எனக்கென்று நாலு பேர் கைதட்டுகிற இடம் அது ஒன்றுதான். என் பழைய துப்பாக்கியின் குழல் தேய்ந்துவிட்டது. என் அட்டைக்கு வைத்த குறி பக்கத்து ஆளின் அட்டையில் போய் விழுகிறது. போன போட்டியில் என் புண்ணியத்தில், பக்கத்தில் நின்று சுட்ட பல் மருத்துவர் கோப்பை வாங்கினார். ஆகவே புதிது வாங்கக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் துப்பாக்கியைக் கையில் கொடுத்து அழகு பார்க்க வைத்துவிட்டு, "சார், நீங்க வாங்கறீங்கன்னு மேல சொல்லணும். அவங்க விசாரிச்சுச் சரின்னா தரேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். "பழசை வாங்கும்போது யாரும் விசாரிக்கலையே?" என்றேன். "அப்ப வேற சார். இப்ப ரொம்பக் கறாரு." சங்கத்தில் இதைச் சொன்னதும் கொந்தளித்தார்கள். "இன்னிக்கு எத்தனை தோட்டான்னு கேப்பான், நாளைக்கு எதுக்குத் தும்முனேன்னு கேப்பான்" என்றார் பல் மருத்துவர். அந்த ஆளோடு நான் ஒத்துப்போனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பின்னே என்ன? என் வீட்டு வாசலில் சாக்கடை மூடியில்லாமல் வாய் பிளந்து கிடப்பதைக் குனிந்து பார்க்காத அரசாங்கம், நான் துப்பாக்கி வைக்கும் அலமாரியை மட்டும் எட்டிப் பார்க்குமா? திருடனா கடையில் வந்து அடையாள அட்டையை நீட்டுகிறான்? நீட்டுகிறவனைத்தானே பிடித்து உலுக்குகிறார்கள்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் கனமில்லை. வழியில்தான் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வாதங்களையெல்லாம் மனத்தில் அடுக்கிவைத்து, விசாரிக்க வீட்டுக்கு வருகிற அதிகாரியை ஒரு கை பார்ப்பதென்று காத்திருந்தேன். வந்தவர் ஓர் அம்மையார். மழைக்கோட்டை வாசலிலேயே உதறி மாட்டிவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். பூட்டை இழுத்துப் பார்த்தார். சாவி எங்கே என்றார். எவருக்கும் தெரியாத இடத்தை நான் பெருமையாகக் காட்டியதும், "எனக்கே காட்டிட்டீங்களே சார்! இடத்தை மாத்துங்க" என்றார். பிறகு எதிரில் உட்கார்ந்து, "யார் மேலயாவது கோபம் இருக்கா சார்?" என்று கேட்டார்.

மைத்துனரே, பிறந்தது முதல் என்னிடம் எவரும் கேட்காத கேள்வி இது. நான் பேச வாயெடுத்தாலே உங்கள் தங்கைக்கு அடுப்பில் ஏதோ நினைவு வந்துவிடும். இவரோ, "சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல" என்றார். மடை திறந்துவிட்டது. முதல்வரில் தொடங்கினேன், மாடிவீட்டுக்காரர் தொட்டிச் செடிக்கு ஊற்றும் தண்ணீர் என் சட்டையில் சொட்டுவதைச் சொன்னேன், என் நகைச்சுவைக்குச் சிரிக்காத முடிதிருத்துபவர், பல் மருத்துவர், கடைசியில் குடும்பப் படம், நீங்கள். அவர் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "எந்தத் தோள் சார்?" என்றார். கேட்டால் அப்படியல்லவா கேட்க வேண்டும்! துப்பாக்கி கேட்கிறவன் தன் விரோதிகளை வரிசையாக ஒப்பித்திருக்கிறேன் என்பது தேநீர் ஆறிய பிறகுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

அவர் அசரவில்லை. உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, "கோபம் வந்தா என்னம்மா பண்ணுவார்?" என்றார்.

"கடிதம் எழுதுவார் மேடம்."

"அடிதடி?"

"இவரா? கரப்பான் பூச்சி வந்தா நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்."

என் நன்மைக்காகத்தான் சொன்னாளாம். இருக்கட்டும், நானும் மறக்கமாட்டேன். ஆனால் அம்மையார் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். அந்த நாகரிகத்துக்கே ஒரு கும்பிடு போடலாம். எழுந்துகொண்டு சொன்னார்: "சார், நீங்க சொன்ன ஆளுங்கள்ல யாராவது ஒருத்தர், 'இவர் கையில துப்பாக்கி இருந்தாலும் இவர் வீட்ல நிம்மதியா உக்காருவேன்'னு சொல்லட்டும். உரிமம் தந்துடறேன்."

என்ன மூளை! நல்லவன் என்று நண்பன் சொல்வதில் என்ன இருக்கிறது? விரோதி சொன்னாலல்லவா சாட்சி! இப்படிக் கேட்கிறவர் இருந்தால் அலமாரி என்ன, வீட்டையே திறந்து காட்டலாம். இனி யார் துப்பாக்கி வாங்கினாலும், குறிப்பாகப் பல் மருத்துவர் வாங்கினால், இந்த அம்மையாரே விசாரிக்க வேண்டும் என்று சங்கத்தில் சொல்லித் திட்டும் வாங்கிக்கொண்டேன்.

முதல்வரிடம் போய் நிற்க என்னால் ஆகாது. மாடிவீட்டுக்காரர் என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார். பல் மருத்துவருக்கு என் குழல் தேய்ந்திருந்தால்தான் கோப்பை, முடிதிருத்துபவர் இதையும் என் நகைச்சுவை என்றே எடுத்துக்கொள்வார். மீதி நீங்கள். சாட்சி இல்லையேல் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி இல்லையேல் கைதட்டல் இல்லை. ஆகவே தாங்கள் ஒருமுறை வந்து, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பயமில்லை என்று சொல்ல வேண்டும். படத்தை நான் மறந்தே விட்டேன்.

அக்காவுக்கு வணக்கம். மருமகளும் அவள் கணவரும் எல்லா நலனும் பெற்று நீடு வாழட்டும். படத்தில் அவர்களாவது முழுதாக விழுந்திருந்தார்கள்.

இப்படிக்கு,
என்றும் ஓரத்தில் நிற்கும்
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். உரிமம் தயாராம். நான் எழுதுவேனோ மாட்டேனோ என்று அவராகவே உங்களைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டாராம். நீங்கள் சொன்ன பதிலை அப்படியே சொன்னார், இந்தத் தடவை சிரிப்பை அடக்காமல்: "மாப்ள கையில துப்பாக்கி இருந்தா பயமில்லைங்க. பேனா இருந்தாத்தான் பயம்." ஆக, மேலே எழுதியது எதற்கும் அவசியமில்லாமல் போயிற்று. நீங்கள் வர வேண்டிய காரியமும் இல்லை. இந்தப் பேச்சை மன்னிக்க எனக்கு வெகுகாலம் ஆகும். ஆனாலும் வாருங்கள். இந்த வரியோடு பேனாவை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். சாவி எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள், இடத்தை மாற்றியாயிற்று.