முப்பத்து மூன்று தேக்கு நாற்காலிகள்

ஆறு ஒன்று, கரை இரண்டு, அரசு ஒன்று. அப்படி ஒரு நாடு இருந்தது, கண்ணுகளா. சபை மண்டபமும் வைத்தியசாலையும் இக்கரையில். அக்கரை வெறும் மணல்மேடு. படகுக்கு ஆகும் மரம்கூட அங்கே முளைக்காது.

சபையில் நூறு நாற்காலிகள். தொண்ணூற்றெட்டில் இக்கரை ஆண்கள். மீதி இரண்டு அக்கரைக்கு. ஆனால் சபை விடிந்ததும் கூடி உச்சிக்குக் கலைந்துவிடும். அரசுப் படகோ அக்கரை ஆட்களை உச்சிக்குத்தான் கொண்டுவரும், அந்தியில் திருப்பி விட்டுவிடும். அக்கரையார் இக்கரையில் இரவு தங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அந்த இரண்டும் எப்போதும் காலி. "அக்கரையில் குறை இல்லை; சொல்ல யாரும் வரவில்லை" என்று தினமும் குறிப்பு எழுதினார்கள்.

அக்கரை மருத்துவச்சி செங்கமலத்தின் மகள் பூவாயிக்கு ஏழாம் மாதம். பிள்ளை குறுக்கே கிடந்தது. செங்கமலம் படகேறி வந்து, மண்டபப் படியிறங்கிய சபைத் தலைவரை மறித்தாள்.

"ஐயா, ராவுலயும் ஒரு நடை படகு விடுங்க. வலி நேரம் பாத்தா வருது?"

"அம்மா, இது பெண்கள் பிரச்சினை. பெண்கள்தான் சபையில் பேச வேண்டும்."

"அப்ப நானே பேசுறேன்."

"எங்கே உட்கார்ந்து? இருப்பவர்களை எழுப்புவது நம் பண்பாடு அல்லவே!"

மறுநாளே பெண்களுக்கு முப்பத்து மூன்று நாற்காலிகள் ஒதுக்கிச் சட்டம் வந்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மேளம் கொட்டினார்கள். கௌரவம் கருதி, நாற்காலிகள் தேக்கில் அமைய வேண்டும் என்றார்கள். அதற்காகத் துறையோரம் தேக்கங்கன்றுகள் நட்டார்கள்.

"இது எப்பங்க மரமாகும்?" என்றாள் செங்கமலம்.

"நாற்பது வருஷம். அவசரப்பட்டால் நாற்காலி ஆடும்."

"எம் மவளுக்கு இன்னும் ரெண்டே மாசங்க."

"அவளையும் வந்து கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்."

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், அந்திப் படகு போன பிறகு பூவாயிக்கு வலி எடுத்தது. மறுநாள் படகு வந்தபோது பெண் குழந்தை இருந்தது. பூவாயி இல்லை.

சபை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. இனிமேல் பிரசவ வலி உச்சிக்கு முன்பே வர வேண்டும், தவறியவர்களுக்கு ஒரு மாதம் படகில் இடமில்லை என்று சட்டம் செய்தது. அங்கே இருந்தவர்களில் வலி கண்டு பிள்ளை பெற்றவர் எவரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்தக் குழந்தைதான் மரகதம். மருத்துவச்சியாகவே வளர்ந்தாள். தேக்குக்குத் தண்ணீர் ஊற்றியவளும் அவள்தான்.

நாற்பது வருஷம் கழித்து மரத்தை வெட்டி, முப்பத்து மூன்று நாற்காலிகளையும் செய்து துறையில் அடுக்கினார்கள். அப்போது தலைவராக இருந்தவர் பழைய தலைவரின் மகன்.

"மண்டபத்தை அளந்த பிறகு உள்ளே வைப்போம். அளவுகோலுக்கு ஒரு மரம் நட்டிருக்கிறோம்" என்றார்.

மரகதம் நாளுக்கு ஒரு நாற்காலியாகத் தலையில் சுமந்து அந்திப் படகில் கொண்டுபோனாள். யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளை நாற்காலியைச் சுமந்தால் யார் கேட்கப் போகிறார்கள், கண்ணுகளா? உட்கார்ந்தால்தானே கேட்பார்கள்.

துறை காலியாகி மூன்று மாதம் கழித்துத்தான் சபைக்குத் தெரிந்தது. ஒதுக்கீட்டையே திருடியவள் மறுநாள் விடிந்ததும் சபையில் நிற்க வேண்டும் என்று ஆணை போனது. படகு உச்சிக்குத்தான் வரும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

விடிந்ததும் வந்து நின்றாள்.

"நாற்காலிகள் எங்கே?"

"துறையில மிதக்குதுங்க. பிரிச்சுப் படகு கட்டிட்டோம். ரெண்டு புள்ளத்தாச்சிய வைத்தியசாலையில விட்டுட்டுத்தான் வர்றேன்."

சொல்லிக்கொண்டே அக்கரை நாற்காலி ஒன்றின் தூசியை முந்தானையால் துடைத்து உட்கார்ந்தாள்.

"இது எங்க கரைக்குன்னு போட்டதுதானே? குறையச் சொல்லட்டுங்களா?"

குறிப்பெழுதுபவர் "சொல்ல யாரும் வரவில்லை" என்ற அன்றைய வரியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அதை அடிப்பதா வேண்டாமா என்று தலைவரின் முகத்தைப் பார்த்தார்.